தொண்ணூத்தெட்டு சதவீதம்

உக்காருங்க மேடம். அந்தச் சேர் வேண்டாம், ஒரு கால் ஆடும். இதுல உக்காருங்க. சென்னையில இருந்தா வர்றீங்க? பஸ்லயா? அடேயப்பா.

லெட்டர் வந்துச்சுங்க. திடக்கழிவு விதிகள அரசாங்கம் திருத்தப் போகுது, களத்துல வேல பாத்து ரிட்டயரானவங்ககிட்ட யோசனை கேக்குதுன்னு போட்டிருந்துச்சு. என் சம்சாரம் படிச்சுட்டு, "உங்ககிட்டப் போயி யோசனையா?"ன்னா. சிரிக்காதீங்க. அவ கேட்டது சரிதான்.

நான் முப்பத்தொரு வருசம் சானிட்டரி இன்ஸ்பெக்டருங்க. எஸ்.ஐ.ன்னு சொன்னா போலீசுன்னு நெனச்சுக்குவாங்க. என் பொண்ணுக்கு மாப்பிள்ளை பாக்கறப்போ அப்படி நெனச்சு ஒரு குடும்பம் வந்து, விசயம் தெரிஞ்சதும் பலகாரத்தத் தொடாம எந்திரிச்சுப் போச்சு. நாச்சிமுத்து எஸ்.ஐ.ன்னா குப்பை எஸ்.ஐ. எந்த நகராட்சின்னு உங்க பேப்பர்ல இருக்கும், நான் வாயால சொல்லல. ஆனா ஒண்ணு, முப்பத்தொரு வருசத்துல ஒரு கடைக்காரன்கிட்ட ஒரு வாழைப்பழம் ஓசியில வாங்கினதில்லீங்க. இத மொதல்ல எழுதிக்கங்க. எழுதிட்டீங்களா? சரி.

யோசனை அப்பறம் சொல்றேன். அதுக்கு முன்னால ஒரு சங்கதி சொல்லணும். அதச் சொல்லாம யோசனை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லீங்க.

பதினாலாவது வார்டுல தெய்வானைன்னு ஒரு பொம்பளை. ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர். அப்போ நாப்பத்தி நாலு வயசு. புருசன் இல்ல. ஒரே பொண்ணு, நர்சிங் படிச்சுக்கிட்டு இருந்துச்சு. தெய்வானைக்கு எழுத்துத் தெரியாது. ஆனா முன்னூத்திப் பன்னண்டு வீட்டையும் மனசுல வெச்சிருப்பா. எந்த வீட்டுல சர்க்கரைக்கு ஊசி போடறாங்க, எந்த வீட்டுல கொழந்தை வந்திருக்கு, எந்த வாத்தியாரு பொண்டாட்டிக்குத் தெரியாம குடிக்கறாரு, எல்லாம் குப்பையப் பாத்தே தெரிஞ்சுக்குவா. வெளிய ஒரு சொல்லு சொல்ல மாட்டா.

மக்கற குப்பை தனியா, மக்காத குப்பை தனியா வாங்குங்கன்னு அரசாங்கம் உத்தரவு போட்டுச்சு இல்லீங்களா. நாங்க மத்த வார்டுல நோட்டீஸ் அடிச்சோம், மைக் கட்டினோம், பள்ளிக்கூடத்துல இருந்து ஊர்வலம் விட்டோம். ஒண்ணும் நடக்கல. பதினாலுல நடந்துச்சு. எப்படின்னு கேளுங்க. ஒரு ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் வீட்டுல பழைய பிளேட அப்படியே சோத்துக் குப்பையில போட்டிருக்காங்க. இவ கைய விட்டா, உள்ளங்கை பொளந்துருச்சு. வேற ஆளா இருந்தா சத்தம் போட்டுத் தெருவையே கூட்டியிருப்பாங்க. இவ அந்தக் கையோட போயி பெல் அடிச்சா. ஹெட்மாஸ்டர் சம்சாரம் வந்தாங்க. கைய நீட்டினா. போட்டிருந்த கோலத்து மேல ரத்தம் சொட்டுச்சாம். அவ்வளவுதான். அடுத்த நாள்ல இருந்து அந்த வீட்டுல மூணு தொட்டி. ரெண்டு வாரத்துல தெருவே பிரிச்சுக் குடுத்துச்சு. மூணு மாசத்துல வார்டே. பிரிக்காதவங்க வீட்டுக் குப்பைய வாங்க மாட்டா, வாசல்லயே வெச்சுட்டுப் போயிருவா. கவுன்சிலர் வீடா இருந்தாலும் சரி. அந்தாளு எனக்குப் போன் பண்ணிக் கத்துவாரு. நான், "சரிங்க, கண்டிச்சு வெக்கறேங்க"ம்பேன். கண்டிச்சதில்லீங்க. இதையும் எழுதிக்கங்க.

இதுல என்னன்னா மேடம், பிரிச்சு வாங்கறது ஒரு பாதிதான். இவ பிரிச்சுக் கொண்டாந்து சேக்கற எடத்துக்கு லாரி வரும். கான்ட்ராக்ட் லாரி. அவன் பச்சைத் தொட்டி, நீலத் தொட்டின்னு பாக்க மாட்டான், ஒட்டுக்காக் கொட்டி அள்ளிட்டு உரக்கிடங்குக்குப் போயிருவான். எனக்குத் தெரியுமுங்க. தெரியாதுன்னு சொன்னா பொய்யி. உரக்கூடம் ஓடல, மெசின் பழுது, ரெண்டு லாரி விட வேண்டிய எடத்துல ஒரு லாரி. மேல எழுதினேன். ஒருக்கா எழுதினேன். மறுக்கா எழுதல.

ஆனா தினமும் ஒரு படிவம் எழுதணும். சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள சென்னைக்குப் போகணும். "பிரித்து வழங்கும் வீடுகள், சதவீதம்." நெசத்த எழுதினா இருபது, இருபத்தஞ்சு. மொத மாசம் அப்படித்தான் எழுதினேன். கமிஷனர் கூப்பிட்டாரு. "பக்கத்து நகராட்சியில தொண்ணூத்தஞ்சு வருதே நாச்சிமுத்து. பாத்துக்கங்க"ன்னாரு. "பொய் எழுது"ன்னு அவரு சொல்லவே இல்லீங்க. பாத்துக்கங்க. அவ்வளவுதான். நான் பாத்துக்கிட்டேன். தொண்ணூத்தெட்டுன்னு எழுதினேன். நூறு போட்டா சந்தேகப்படுவாங்கன்னு ரெண்டக் கொறச்சேன். அதுக்கு மட்டும் புத்தி வேல செஞ்சுது.

அப்பறம் உங்காளுங்க ஒரு யோசனை கண்டுபிடிச்சாங்க. வீட்டுக்கு வீடு சுவத்துல ஒரு ஸ்டிக்கரு, குப்பை வாங்கறப்போ பணியாளர் அதப் போன்ல ஸ்கேன் பண்ணணும். ஏமாத்தவே முடியாதாம். நாங்க என்ன பண்ணினோம் தெரியுங்களா? ஸ்டிக்கர சுவத்துல ஒட்டல. ஒரு பெரிய அட்டையில வரிசையா ஒட்டி ஆபீசுல வெச்சுக்கிட்டோம். காலைல ஒருத்தர் ஃபேனுக்கு அடியில உக்காந்து டிக், டிக், டிக்குனு தட்டிக்கிட்டே வருவாரு. அரை மணி நேரத்துல ஒரு வார்டு சுத்தம். எழுதறீங்களா? எழுதுங்க, எழுதுங்க. பதினாலாவது வார்டுல மட்டும் ஸ்டிக்கரு சுவத்துல இருந்துச்சு. தெய்வானை அட்டையில ஒட்ட மாட்டேன்னுட்டா. "சார், நான் போகாத ஊட்டுக்குப் போனேன்னு இது சொல்லுமா? அப்பறம் நான் எதுக்கு?"ன்னு கேட்டா.

ஒரு நாள் ஆபீசுக்கே வந்தா. உள்ள வரல, கதவோரம் நின்னா. "சார், நான் கைய வெட்டிக்கிட்டுப் பிரிக்கறேன். ஊட்டுக்காரங்களும் பாவம், எம் பேச்சக் கேட்டுப் பிரிச்சுக் குடுக்கறாங்க. லாரிக்காரரு ஒண்ணாக் கொட்றாரு. நேத்து அந்த ஹெட்மாஸ்டரம்மா அதப் பாத்துட்டாங்க. எம் மூஞ்சியப் பாத்தாங்க சார். நான் என்னன்னு பதில் சொல்லட்டும்?"

"மேல பேசியிருக்கேன் தெய்வானை."

"எப்ப பேசினீங்க?"

நான் படிவத்த இழுத்து வெச்சு எழுத ஆரம்பிச்சேன். அவ, "சென்னையில இருந்து ஆளுங்க வர்றாங்களாமே. அவங்ககிட்ட நானே கேட்டுக்கறேன் சார்"னு சொல்லிட்டுப் போயிட்டா. கோபமா சொல்லல. வெறுமனே சொன்னா.

ஆய்வுக் குழு வரப்போகுதுன்னு ஊரே அல்லோலகல்லோலம். பரிசுக்கு எங்க நகராட்சி பேரு போயிருந்துச்சுங்க. குழுவ எந்த வார்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போறது? வேற எந்த வார்டையும் காட்ட முடியாது, பதினாலுதான் நெசமானது. பதினாலக் காட்டினா தெய்வானை இருப்பா. தெய்வானை இருந்தா லாரியப் பத்திக் கேப்பா. கமிஷனர் சொன்னாரு, "வார்டு நல்ல வார்டு. அந்தம்மாவ மட்டும் பாத்துக்கங்க."

பாத்துக்கிட்டேன் மேடம். பத்து நாளைக்கு உரக்கிடங்கு வேலைன்னு ஆர்டர் போட்டேன். என் கையெழுத்துத்தான்.

உரக்கிடங்குன்னா உங்களுக்குத் தெரியுமே. இருபது வருசக் குப்பை, மூணாள் ஒசரம். அத அள்ளிச் சலிக்கறதுக்கு டெண்டரு, கோப்பு, கோர்ட்டுன்னு போய்க்கிட்டு இருந்துச்சு. குழு வர்றதுக்குள்ள என்ன பண்றது? செம்மண் அடிச்சோம். எண்பது லோடு செம்மண்ண மேல பரப்பி, நர்சரியில இருந்து பூவரசு, வேம்புன்னு கன்னு வாங்கி நட்டோம். ரோட்டுல இருந்து பாத்தா தோட்டமாட்டம் இருந்துச்சு. நானே போட்டோ எடுத்து வீட்டுல காமிச்சேன். தண்ணி ஊத்தற வேல தெய்வானைக்கு.

மூணாவது நாளே எங்கிட்ட வந்தா. கையில ஒரு வேப்பங்கன்னு. வேரோட புடுங்கிக் கொண்டாந்திருந்தா. "சார், இதப் பாருங்க. வேரு வெந்திருக்கு. அடியில நெருப்பு இருக்குது. மண்ணு கொதிக்குது சார், செருப்பத் தாண்டிக் காலு சுடுது."

எனக்கும் தெரியுமுங்க, அந்தக் குப்பை உள்ளுக்குள்ள எரியும், வெயில் காலத்துல அங்கங்க பொகையும். மேல மண்ணப் போட்டு மூடினா நெருப்பு அணையாது, உள்ளயே தின்னுக்கிட்டுப் போகும். சாம்பலானதும் மேல ஓடு மட்டும் நிக்கும். இதப் பத்தி நான் ட்ரெயினிங்ல பாடமே எடுத்திருக்கேன். வேரத் தொட்டுப் பாத்தேன். புழுங்குன கிழங்காட்டம் தோலு உரிஞ்சு வந்துச்சு. நான் என்ன சொன்னேன் தெரியுங்களா?

"வெயிலுக்கு வாடியிருக்கும். தண்ணிய எச்சா ஊத்து."

இதத்தான் சொன்னேன்.

அதுக்கு மொத வாரம் யாரோ பொகையப் பாத்துட்டு ஃபயர் சர்வீசுக்குப் போன் பண்ணி, வண்டி வந்து, பேப்பர்ல போட்டு, பெரிய ரகளை ஆயிருச்சு. அதனால நான் ஒரு உத்தரவு போட்டிருந்தேன். வாய் உத்தரவுதான். என்னக் கேக்காம கிடங்குல இருந்து யாரும் எங்கயும் போன் பண்ணக் கூடாது. ஃபயரா இருந்தாலும் சரி, நூத்தியெட்டா இருந்தாலும் சரி. பண்ணினா வேல இல்ல.

குழு வந்த அன்னிக்கு வியாழக்கிழமை. நாலு பேரு. காலைல பத்தரைக்குப் பதினாலாவது வார்டு. அற்புதமா இருந்துச்சு மேடம். வீட்டுக்கு வீடு பச்சை, நீலம், சிவப்பு. குழுத் தலைவரு ஒரு தொட்டிய அவரே தெறந்து பாத்தாரு. வாழைத்தோலும் கீரைத்தண்டும் மட்டும். அவரு என் தோளத் தட்டினாரு. பொய் சொல்லல, எனக்குச் சந்தோசமாத்தான் இருந்துச்சு. ஹெட்மாஸ்டர் சம்சாரம் வெளிய வந்து, "தெய்வானை எங்க? பத்து நாளாக் காணமே"ன்னாங்க. "லீவுங்க"ன்னேன்.

அப்பத்தான் போன் அதிர்ந்துச்சு. எடுத்துப் பாத்தேன். ராக்கப்பன். கிடங்குல தண்ணி டிராக்டர் ஓட்டறவரு. கட் பண்ணினேன். மறுபடி வந்துச்சு. கட் பண்ணினேன். குழுத் தலைவரு ஸ்டிக்கர ஸ்கேன் பண்ணிப் பாத்துக்கிட்டு இருந்தாரு, நான் பக்கத்துல நின்னு வெளக்கிக்கிட்டு இருந்தேன். மூணாவது தடவையும் வந்துச்சு. கட் பண்ணி, சைலண்ட்ல போட்டேன்.

நாப்பது நிமிசம் போனத் தொடல.

மேட்டு மேல தெய்வானை கடைசி வரிசைக் கன்னுக்குத் தண்ணி ஊத்தறப்போ ஓடு ஒடைஞ்சுருச்சு. வலது காலு முழங்கால் வரைக்கும் உள்ள போயிருச்சு. உள்ள கங்கு. ராக்கப்பன் அவ கையில இருந்த ஓஸ் பைப்பப் புடிச்சு இழுத்து வெளிய எடுத்திருக்காரு. எடுத்துப் போட்டுட்டு எனக்குப் போன். நான் எடுக்கல. நூத்தியெட்டுக்குப் பண்ணலாமா வேண்டாமான்னு அந்த மனுசன் கையில போன வெச்சுக்கிட்டு நின்னிருக்காரு. அவருக்கும் கொழந்தை குட்டி இருக்குதே. நான் போட்ட உத்தரவு அவரு கையக் கட்டிப் போட்டுருச்சு. கடைசியில அவளத் தூக்கி டிராக்டர்லயே வெச்சு, இன்னொரு ஆளு மடியில காலத் தாங்கிக்கிட்டு, கவர்மென்ட் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்காங்க. தண்ணி டேங்கரோட டிராக்டரு. எவ்வளவு வேகம் போகும் சொல்லுங்க. டாக்டரு சொன்னாரு, சித்த முன்னால வந்திருந்தா பாத்திருக்கலாம்னு. ஒருவேள பாத்திருக்க முடியாமயும் போயிருக்கலாமுங்க. அதையும் அவரே சொன்னாரு. பதினோரு நாள் பாத்துட்டு, முழங்காலுக்குக் கீழ எடுத்துட்டாங்க.

விசாரணை அறிக்கை நான்தான் எழுதினேன். அன்னிக்கு ஆபீசுல கம்ப்யூட்டர் வேல செய்யல, கையிலயே எழுதினேன். "பணியாளர் தடை செய்யப்பட்ட பகுதிக்குத் தன்னிச்சையாகச் சென்றதால்"ன்னு. கமிஷனர் அறையில உக்காந்துதான் எழுதினேன். அவரு சன்னல் பக்கமாத் திரும்பி நின்னுக்கிட்டாரு. சொல்லல. ஒண்ணுமே சொல்லல. அந்தச் சொல்லு எனக்கா வந்துச்சுங்க.

அந்த ஒரு சொல்லால கான்ட்ராக்ட் கம்பெனி அவள வேலையில இருந்து எடுத்துருச்சு. விபத்துன்னு நஷ்டஈடு ஒண்ணும் கெடைக்கல. தப்பு அவ மேலதானே, காயிதத்துல அப்படித்தானே இருக்குது. அந்த வருசம் எங்களுக்குப் பரிசு கெடச்சுது. குரூப் போட்டோவுல ரெண்டாவது வரிசையில நிக்கறேன். இல்லீங்க, மாட்டி வெக்கல. பீரோவுக்குள்ள இருக்குது.

நான் அவள விட்டுடல மேடம். அத நீங்க தெரிஞ்சுக்கணும். ரிட்டயரானதுல இருந்து மாசாமாசம் போயிப் பாக்கறேன். ஆரஞ்சு, ஆப்பிள் வாங்கிக்கிட்டுப் போவேன். அவங்க காலனிக்குள்ள, வீட்டுக்குள்ளயே போயி உக்காருவேன். டீ போட்டுக் குடுப்பா. குடிப்பேன். நான் அதெல்லாம் பாக்கறதில்லீங்க. எங்க ஆளுங்கள்ல எத்தன பேரு குடிப்பாங்க, சொல்லுங்க? ஒரு தடவகூட என்னத் திட்டினதில்ல. மன்னிச்சுட்டான்னே நெனச்சேன்.

ஒரு தடவ மட்டும் கேட்டா. "சார், தன்னிச்சைன்னா என்ன?"

நான் டம்ளரக் கீழ வெச்சுட்டேன்.

"எம் பொண்ணு அந்தக் காயிதத்தப் படிச்சுது. நானா என் இஷ்டத்துக்குப் போனேன்னு அர்த்தமாமே. நீங்கதான சார் போகச் சொன்னீங்க. எனக்குக் காலு வேண்டாம் சார், அது போச்சு. அந்த ஒரு சொல்ல மட்டும் எடுத்துக் குடுங்க. பதினாலாவது வார்டுல அத்தன பேரும் கேக்கறாங்க, 'நீ எதுக்கு தெய்வானை அங்க போனே?'ன்னு. நான் சொன்னா நம்பறாங்க. இருந்தாலும் காயிதத்துல அப்படி இருக்கறது எனக்கு ஒரு மாதிரியா இருக்குது."

நான் சொன்னேன், "ரிட்டயரான ஆளு மாத்த முடியாது தெய்வானை. வழி இருக்குதான்னு பாக்கறேன்." பாக்கறேன்னு சொல்லி ஒரு வருசத்துக்கு மேல ஆச்சு. மாசாமாசம் ஆரஞ்சு மட்டும் போச்சு.

போன மாசம் போனப்போ அந்தப் பொண்ணு வாசல்ல நின்னுச்சு. இப்போ ஒரு ஆஸ்பத்திரியில வேல பாக்குது. வழிய மறிக்கல, சும்மா நின்னுச்சு. மெதுவாச் சொல்லுச்சு. "சார், நீங்க வந்தா எங்கம்மா டீ போடறதுக்காக எந்திரிச்சு நிக்கறாங்க. அந்தக் கட்டைக் கால மாட்டிக்கிட்டு அடுப்புகிட்ட நின்னா ராத்திரிக்குள்ள புண்ணு ஆயிருது. பழம் வேண்டாம் சார். வர்றதுன்னா அம்மா கேட்டத எழுதிக் கொண்டு வாங்க. இல்லீன்னா வராதீங்க."

வீட்டுக்கு வந்து பழத்த மேசையில வெச்சேன். என் சம்சாரம், "ஏன், அவங்க இல்லியா?"ன்னு கேட்டா. "இல்ல"ன்னேன். அவகிட்டயும் பொய்யி.

யோசனை கேட்டீங்களே, சொல்றேன். சதவீதம் கேக்காதீங்க மேடம். நீங்க நம்பரக் கேட்டா நாங்க நம்பரக் குடுப்போம். தொண்ணூத்தெட்டு வேணும்னா தொண்ணூத்தெட்டு. சொல்லாம வாங்க. வந்தா இன்ஸ்பெக்டரக் கேக்காதீங்க, கூட்டறவங்களக் கேளுங்க, நாங்க பக்கத்துல இல்லாதப்போ கேளுங்க. இருபதுன்னு எழுதறவனத் தண்டிக்காதீங்க. லாரிக்குப் பின்னாலயே ஒரு நாள் போயிப் பாருங்க, எங்க கொட்டுதுன்னு. கிடங்குல வேல பாக்கறவங்க கையில போன் இருக்குதுன்னா, யாரையும் கேக்காம நூத்தியெட்டுக்குப் பண்ணலாம்னு விதியிலயே எழுதுங்க. இதெல்லாம் பெரிய படிப்பா? எனக்கு முப்பது வருசமாத் தெரிஞ்சதுதான்.

எழுதினதப் படிங்க, கேக்கறேன்.

"ஆய்வு நாளன்று தகவல் தொடர்புக் குறைபாட்டினால் பணியாளர் ஒருவருக்குக் காயம் ஏற்பட நேர்ந்தது."

நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. நானும் இப்படித்தான் எழுதுவேன். ஆனா இதுல ஆளே இல்லீங்களே மேடம். யாரு அனுப்பினது, யாரு போன எடுக்கலன்னு இல்லியே. அந்தப் பொண்ணு இதப் படிச்சா மறுபடி அம்மாவுக்கு அர்த்தம் சொல்லணும்.

பென்சனா? தெரியுமுங்க. விசாரணை வரும். கமிஷனர் இப்போ பெரிய எடத்துல இருக்காரு, "நான் சொல்லவே இல்ல"ம்பாரு. அது நெசந்தான், அவரு சொல்லல. என் சம்சாரம் உள்ள இருந்து கேட்டுக்கிட்டுத்தான் இருக்கா, பாத்திரச் சத்தமே காணம் பாருங்க.

அந்தப் பேனாவக் குடுங்க. என் கையெழுத்துலயே இருக்கட்டும். "தெய்வானை தானாகப் போகவில்லை. நான் அனுப்பினேன். மண் கொதிக்கிறது என்று சொன்னார், நான் கேட்கவில்லை. மூன்று முறை போன் வந்தது, எடுக்கவில்லை. நாச்சிமுத்து." போதுங்களா? உங்க கமிட்டிக்கு ஒண்ணு. இன்னொரு தாள் குடுங்க, இதையே எழுதி நாளைக்குக் காலைல கொண்டு போறேன். உள்ள போக மாட்டேன். வாசல்லயே அந்தப் பொண்ணு கையில குடுத்துட்டு வந்துடறேன்.